காவலும் கல்வியும்: பாலர் நிலையங்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. மனிதப் பண்புகளின் அடித்தளம் இளமையிலேயே இடப்படுகின்றது என்னும் உண்மையை அது சுருங்கச் சொல்கின்றது. ஆயின், ஐந்து வயதுக்கு முந்திய அப்பருவத்தில் பிள்ளையைப் பேணும் பொறுப்பு யாரைச் சார்ந்தது, தாய் வேலைக்குச் செல்லும் வேளையில் பிள்ளை யாரிடம் இருப்பது, அதற்கான செலவை யார் ஏற்பது என்னும் வினாக்களை அப்பழமொழி எழுப்புவதில்லை. வயலும் வீடும் அருகருகே இருந்த சமுதாயத்தில் அவ்வினாக்கள் எழவேண்டிய தேவையும் இருக்கவில்லை. பாட்டியும் மூத்த சகோதரியும் அயலவரும் அவற்றுக்கு விடையாக இருந்தனர். உழைக்கும் இடமும் வாழும் இடமும் வேறாகப் பிரிந்தபோதே அவை சமுதாய வினாக்களாக உருப்பெற்றன.

இவ்வினாக்களுக்குக் கடந்த இருநூறு ஆண்டுகளில் இருவகை விடைகள் காணப்பட்டன. உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குத் தாய் திரும்பும்வரை விபத்தின்றி வைத்திருக்கும் இடம் அமைக்கப்பட்டது. வசதி படைத்தோரின் பிள்ளைகளுக்கோ விளையாட்டும் பாட்டும் கைவேலையும் வாயிலாக அறிவை மலரச் செய்யும் இடம் அமைக்கப்பட்டது. முன்னையதைக் காவல் மரபு என்றும் பின்னையதைக் கல்வி மரபு என்றும் குறிப்பிடலாம். பாலர் கல்வியில் இன்று காணப்படும் ஏற்றத்தாழ்வு வெறுமனே நிதிப் பற்றாக்குறையின் விளைவன்று. இவ்விரு மரபுகளும் வேறுவேறு வர்க்கங்களுக்கென வேறுவேறு நோக்கங்களுடன் வளர்க்கப்பட்டமையின் விளைவாகும். இலங்கையின் வரலாறும், குறிப்பாக மலையகத் தோட்டங்களின் வரலாறும், இதனைத் தெளிவாகக் காட்டுகின்றன.

இவ்விரு மரபுகளும் தொடக்கத்திலேயே தனித்தனியாக நின்றனவல்ல என்பது முதலில் நோக்கற்பாலது. ஸ்கொத்லாந்தில் கிளைட் நதிக்கரையில் அமைந்த நியூ லனார்க் என்னும் பருத்தி ஆலைக் கிராமத்தின் முகாமையை றொபேட் ஓவன் 1800ஆம் ஆண்டளவில் ஏற்றார். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஆலை வேலைக்கு எடுப்பதை அவர் நிறுத்தினார். 1816ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி தொழிலாளருக்கென அவர் திறந்துவைத்த கல்வி நிறுவனத்தில் நடைபயிலும் பருவத்துப் பிள்ளைகளுக்கும் இடமிருந்தது. அங்கே அடியும் வசையும் விலக்கப்பட்டன. புத்தகங்களால் பிள்ளைகளை வருத்தாமல் படங்களையும் இயற்கைப் பொருள்களையும் காட்டி உரையாடுதல், பாடுதல், ஆடுதல் என்பன முதன்மை பெற்றன.

அங்கு ஆசிரியராக ஓவன் தெரிந்தெடுத்தவர் கற்றறிந்த புலவரல்லர். ஜேம்ஸ் புக்கானன் என்பார் நெசவுத் தொழிலாளி, எழுத்தறிவும் சொற்பமே. அவருக்குத் துணையாக மொலி யங் என்னும் பதினேழு வயதுப் பெண் அமர்த்தப்பட்டாள். பிள்ளைகள்மீது அன்பும் எல்லையற்ற பொறுமையுமே இவ்விருவரிடமும் ஓவன் கண்ட தகுதிகள். அவருடைய முயற்சியில் ஆலை முதலாளியின் இலாப நோக்கும் கலந்திருந்தமை உண்மையே. பிள்ளையைப் பற்றிய கவலையற்ற தாயே சிறந்த தொழிலாளி என்பதை அவர் அறிந்திருந்தார். எனினும் தொழிலாளியின் பிள்ளைக்குக் காவல் மட்டும் போதும் என அவர் எண்ணவில்லை. காவலும் கல்வியும் ஒரே கூரையின்கீழ் ஒன்றாயிருந்தமையே நியூ லனார்க்கின் சிறப்பு.

இவ்வொருமை நீடிக்கவில்லை. ஆடலையும் சமயப் போதனையின் குறைவையும் ஓவனின் பங்காளிகளே எதிர்த்தனர். பிள்ளைப் பாடசாலைகள் 1820களில் பிரித்தானிய நகரங்களில் பரவியபோது அவற்றின் இயல்பு மாறியது. சாமுவேல் வில்டர்ஸ்பின் முதலியோர் பரப்பிய முறையில், படிப்படியாக உயர்ந்துசெல்லும் இருக்கைகளில் பெருந்தொகையான சிறுவர் அமர்த்தப்பட்டு ஒரே குரலில் பாடம் ஒப்புவித்தனர். குறைந்த செலவில் கூடிய பிள்ளைகளை ஒழுங்கில் வைத்திருத்தலே பயனாகக் கொள்ளப்பட்டது. எளியோரின் பிள்ளைக்கென ஒரு நல்ல முறை தோன்றுவதும், அது பரவும்போது செலவுக் கணக்கினால் சிதைவதும் பின்னரும் பலமுறை நிகழ்ந்தன.

ஜேர்மனியில் இரு மரபுகளின் பிரிவு இன்னும் வெளிப்படையாக அமைந்தது. தொழிலாளர் பிள்ளைகளுக்கெனத் திருச்சபைகளும் தருமச் சங்கங்களும் நடத்திய இடங்கள் ‘காப்பு நிலையங்கள்’ என்றே பெயர்பெற்றன. மறுபுறத்தில் பிரெட்றிக் புரோபல் 1837இல் பிளாங்கன்பேர்க் என்னும் ஊரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, 1840இல் அதற்குக் ‘கிண்டர்கார்ட்டன்’, அதாவது சிறுவர் பூந்தோட்டம், எனப் பெயரிட்டார். விளையாட்டே பிள்ளையின் உண்மையான கல்வி என்னும் அவருடைய கொள்கை நடுத்தர வர்க்கத்தாரையே பெரிதும் கவர்ந்தது. அரசோ அதில் ஆபத்தைக் கண்டது. நாத்திகத்தையும் பொதுவுடைமைச் சிந்தனையையும் பரப்புகின்றன என்னும் ஐயத்தினால் 1851இல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்ட்டன்களைத் தடைசெய்தது. தடை 1860இல் நீக்கப்பட்டபோது புரோபல் இறந்து எட்டாண்டுகள் ஆகியிருந்தன. மூன்று வயதுப் பிள்ளை எவ்வாறு விளையாடவேண்டும் என்பதும் அரசியலுக்கு அப்பாற்பட்டதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இப்பிரிவைச் சட்டத்தின் துணையுடன் கடக்க முயன்ற நாடு பிரான்ஸ் ஆகும். அங்கும் 1820களில் எளியோரின் பிள்ளைகளுக்கெனத் தோன்றியவை ‘புகலிட மண்டபங்கள்’ எனவே அழைக்கப்பட்டன. 1881இல் குடியரசின் கல்விச் சீர்திருத்தங்களோடு அவை ‘தாய்மைப் பாடசாலை’ எனப் பொருள்படும் பெயரைப் பெற்றுக் கட்டணமற்ற பொதுக் கல்வியின் பகுதியாயின. தலைமைப் பரிசோதகராக விளங்கிய போலின் கெர்கோமார் அம்மையார், புகலிடம் என்பதைப் பாடசாலை என மாற்றுதல் பெயர் மாற்றத்தோடு நின்றுவிடலாகாது என வாதாடி, விளையாட்டுக்கும் உடல்நலத்துக்கும் அங்கே இடம் தேடினார். தருமமாகக் கொடுக்கப்பட்டது உரிமையாக மாறியமையே அம்மாற்றத்தின் சாரம். மூன்று வயது முதற் கல்வியைக் கட்டாயமாக்கும் சட்டம் அந்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்தபோது, அவ்வயதுப் பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலானோர் ஏற்கெனவே பாடசாலையில் இருந்தனர்.

இலங்கையில் ‘மொண்டிசோரி’ என்றதும் நினைவுக்கு வருவது கட்டணம் அறவிடும் நகர்ப்புறப் பாலர் பாடசாலையே. ஆனால் அப்பெயருக்குரிய முயற்சி உரோமாபுரியின் வறிய குடியிருப்பொன்றில் தோன்றியது. சான் லொரன்சோ என்னும் பகுதியில் தொழிலாளர் வாழ்ந்த அடுக்குமாடிக் கட்டடங்களைச் சீர்செய்த நிறுவனம், பெற்றோர் வேலைக்குச் சென்ற வேளையில் கவனிப்பாரற்ற பிள்ளைகள் சுவர்களையும் படிகளையும் பழுதாக்குவதைத் தடுக்க வழிதேடியது. கட்டடத்தைக் காப்பதற்காகவே பிள்ளைகளை ஓரிடத்தில் சேர்க்க எண்ணிய அந்நிறுவனம், மருத்துவராகிய மரியா மொண்டிசோரியின் உதவியை நாடியது. 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆந் திகதி ‘சிறுவர் இல்லம்’ திறக்கப்பட்டது.

காவல் நோக்குடன் அமைக்கப்பட்ட அவ்விடத்தில் மொண்டிசோரி கல்வியைக் கண்டார். பிள்ளையின் கைக்கு எட்டும் அலுமாரி, பிள்ளையே தூக்கக்கூடிய கதிரை, தொட்டும் பொருத்தியும் தன் பிழையைத் தானே திருத்தக்கூடிய கருவிகள் என்பன அங்கே உருவாயின. அங்கும் முதலில் பணிபுரிந்தவர் பயிற்றப்பட்ட ஆசிரியரல்லர், எளிய பெண்ணொருத்தியே. நியூ லனார்க்கின் நெசவாளியையும் சான் லொரன்சோவின் அப்பெண்ணையும் ஒருங்கு நோக்குமிடத்து, பிள்ளைகளோடு இருப்பவரின் பிறப்போ பட்டமோ அன்றி அவரிடம் எதிர்பார்க்கப்பட்ட பணியும் அவருக்கு அளிக்கப்பட்ட துணையுமே நிலையத்தின் தரத்தைத் தீர்மானித்தன என்பது புலனாகும். இம்முறை உலகெங்கும் புகழ்பெற்றபோது விலையுயர்ந்த கருவிகளும் தனிப்பயிற்சியும் வேண்டிய ஒன்றாக மாறிப் பல நாடுகளில் வசதி படைத்தோரின் கைக்குச் சென்றது. எளியோரிடம் பிறந்த முறை எளியோரை விட்டு நீங்கிய வரலாறு இதுவாகும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வினா புதிய வேகம் பெற்றது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாந்தி நகரில், வறிய கறுப்பின மக்களின் பிள்ளைகள் 123 பேரைக் கொண்டு 1962 முதல் 1967 வரை ஓர் ஆய்வு நடைபெற்றது. அவர்களுள் 58 பேருக்கு நன்கு பயிற்றப்பட்ட ஆசிரியரைக் கொண்ட முன்பள்ளிக் கல்வியும் வீட்டுச் சந்திப்புகளும் அளிக்கப்பட்டன. நுண்ணறிவுச் சோதனைகளில் அவர்கள் பெற்ற முன்னேற்றம் சில ஆண்டுகளில் மங்கியது. ஆனால் நாற்பது வயதுவரை பின்தொடர்ந்து நோக்கியபோது, பள்ளிப்படிப்பை நிறைவுசெய்தல், வருமானம், குற்றங்களில் ஈடுபடாமை என்பவற்றில் அவர்களே மற்றையோரிலும் மேம்பட்டிருந்தனர். தொகையாற் சிறிய ஓர் ஆய்வை முடிந்த முடிபாகக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும் முன்பள்ளியின் பயனை அரிச்சுவடி அளவுகோலால் மட்டும் அளத்தல் தவறு என்பதை அது உணர்த்தியது.

அதே நாட்டில் 1965இல் வறுமைக்கெதிரான திட்டங்களுள் ஒன்றாக ‘ஹெட் ஸ்ரார்ட்’ தொடங்கப்பட்டு, முதற் கோடையிலேயே ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைச் சேர்த்தது. அடுத்த படியாக, வறியோருக்கு மட்டுமன்றி எல்லாக் குடும்பங்களுக்கும் வருமானத்துக்கேற்ற கட்டணத்தில் பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களை அமைக்கும் சட்டமூலம் 1971இல் இரு சபைகளிலும் நிறைவேறியது. சனாதிபதி நிக்சன் அதனை நிராகரித்தார். குடும்பத்தை மையமாகக் கொண்ட வளர்ப்புக்கு எதிராகக் கூட்டு வளர்ப்பின் பக்கம் அரசு சாய்வதாகும் என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. வறியோருக்கு ஒரு திட்டமும் ஏனையோருக்குச் சந்தையும் என்னும் நிலை தொடர்ந்தது.

சுவீடன் வேறு வழியில் சென்றது. 1968இல் அமைக்கப்பட்ட ஆணைக்குழுவொன்று காவல் நிலையத்தையும் பாலர் பாடசாலையையும் ஒன்றாக்கும்படி விதந்துரைத்தது. 1975இன் சட்டம் முன்பள்ளிகளை அமைக்கும் பொறுப்பை உள்ளூராட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தது. 1996இல் அந்நிலையங்கள் சமூக சேவை அமைச்சிலிருந்து கல்வி அமைச்சுக்கு மாற்றப்பட்டன. 1998இல் அவற்றுக்கெனத் தேசியப் பாடத்திட்டம் வகுக்கப்பட்டது. 2002இல் பெற்றோர் செலுத்தும் கட்டணத்துக்கு உச்ச வரம்பு விதிக்கப்பட்டது. தொழிலாளியின் பிள்ளையும் மருத்துவரின் பிள்ளையும் ஒரே நிலையத்தில் ஒரே உணவை உண்டு ஒரே விளையாட்டை ஆடும் நிலைமை ஒரு நாளில் தோன்றவில்லை. ஏறக்குறைய ஒரு தலைமுறைக்கால அரசியல் முடிவுகள் அதன் பின்னணியில் உள்ளன.

வளங் குறைந்த நாடுகளுக்கு இது பொருந்தாது எனக் கூறுவோருக்கு இந்தியாவின் அனுபவம் ஒருபாதி விடை தருகின்றது. 1975ஆம் ஆண்டு ஒக்ரோபர் 2ஆந் திகதி 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், உணவு, தடுப்பூசி, முன்பள்ளிக் கல்வி ஆகியவற்றை அங்கன்வாடி என்னும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்து, காலப்போக்கில் நாடு முழுவதும் பரந்தது. தமிழ்நாட்டில் 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம் பாடசாலை செல்லாத இளஞ் சிறாரையும் உள்ளடக்கியது. ஆயின் அங்கன்வாடிப் பணியாளர் அரச ஊழியராகக் கொள்ளப்படாது, மதிப்பூதியம் பெறும் தொண்டராகவே கணிக்கப்பட்டனர். பிள்ளையின் உரிமையை ஏற்ற அரசு, அதனை நிறைவேற்றும் பெண்ணின் உழைப்பை முழுமையாக ஏற்கவில்லை.

இப்பின்னணியில் இலங்கையை நோக்கலாம். 1943இல் வெளியான கன்னங்கரா குழுவின் அறிக்கையும், 1945 ஒக்ரோபர் முதலாக நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் இந்நாட்டின் சமூக வரலாற்றில் பெருந்திருப்பங்கள். ‘பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை’ என்பதே அச்சீர்திருத்தத்தின் முழக்கம். ஆனால் அம்முழக்கத்திலுள்ள பாலர் வகுப்பு, யாழ்ப்பாணத்தில் ‘அரிவரி’ என வழங்கியது, ஐந்து வயது நிரம்பிய பிள்ளைக்குரியது. அதற்கு முந்திய ஆண்டுகள் இலவசக் கல்வியின் எல்லைக்கு வெளியே நின்றன.

பின்னர் எழுந்த சட்டங்களும் அவ்வெல்லையையே உறுதிசெய்தன. உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற காலத்தில், 1961ஆம் ஆண்டின் சட்டம் ஐந்து முதல் பதினான்கு வயதுவரையான பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்குவதைத் தடுத்தது. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டோரைப் பற்றி அத்தடை பேசவில்லை. 1998இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி ஒழுங்குவிதியும் ஐந்து வயதிலிருந்தே தொடங்கியது. ஐந்துக்கு மேல் கல்வி உரிமை, ஐந்துக்குக் கீழ் அது பெற்றோரின் பணப்பையைப் பொறுத்தது என்னும் நிலை யாரும் திட்டமிடாமலே உருவாயிற்று. 1972இன் சீர்திருத்தத்தில் பாடசாலைச் சேர்வு வயது ஆறாக உயர்த்தப்பட்டு, சில ஆண்டுகளின் பின் மீண்டும் ஐந்தாக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பிள்ளையை ஓராண்டு கூடுதலாக எங்கே வைத்திருப்பது என்னும் இடர்ப்பாடும் குடும்பங்களின் தலையிலேயே விழுந்தது.

மொண்டிசோரி அம்மையார் 1939 முதல் சில ஆண்டுகள் இந்தியாவில் தங்கியிருந்தார். 1944இல் அவர் இலங்கைக்கும் வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். அவருடைய முறை கொழும்பிலும் ஏனைய நகரங்களிலும் வேரூன்றியது. கிராமங்களில் 1970கள் தொட்டு சர்வோதய இயக்கமும் மாதர் சங்கங்களும் சமய நிறுவனங்களும் கஞ்சியும் பாட்டும் கொண்ட எளிய முன்பள்ளிகளை அமைத்தன. நகரத்தில் கல்வி மரபும் கிராமத்தில் தொண்டு மரபும் இவ்வாறு வளர்ந்தன. காவல் மரபு தன் கடுமையான வடிவத்தில் நிலைத்த இடம் மலையகத் தோட்டமே.

கோப்பிச் செய்கைக் காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் அறுவடைப் பருவத்தில் வந்து மீள்வோராக இருந்தனர். 1870களில் இலைநோயினாற் கோப்பி அழிவுற்றுத் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தபோது நிலைமை மாறியது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்படவேண்டியது. அதற்கு வேண்டியது நிலையாகத் தங்கும் குடும்பம், சிறப்பாகப் பெண்ணின் கை. கைப்பிள்ளையோடு மலையேறமுடியாத தாயை மலைக்கு அனுப்புவதற்குத் தோட்டம் கண்ட வழியே ‘பிள்ளைக் காம்பரா’ ஆகும். சில தோட்டங்களில் அது ‘பிள்ளை மடுவம்’ எனவும் வழங்கும்.

பனி நீங்காத காலையில், பெரட்டுக்கு முன்னதாகத் தாய் தன் பிள்ளையை அங்கே ஒப்படைப்பாள். லயத்தை ஒத்த ஓர் அறை. வளையில் தொங்கும் சேலைத் தொட்டில்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா. பெரும்பாலும் மலையேற இயலாத மூத்த பெண்ணே ஆயாவாக அமர்த்தப்படுவாள். பாலூட்டும் வேளையில் தாய் மலையிலிருந்து இறங்கிவந்து மீண்டும் கூடையோடு ஏறுவாள். பிள்ளை அழாதிருந்ததா, விழாதிருந்ததா என்பவையே அங்கே கேட்கப்பட்ட வினாக்கள். அது என்ன கற்றது என்னும் வினா எழவில்லை. அத்தகைய வினா எழும் இடமாக அது கருதப்படவுமில்லை.

சட்டமும் இக்கண்ணோட்டத்தைப் பிரதிபலித்தது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளத் தாய்மாருக்கு ஒரு முக்கிய பாதுகாப்பு. பின்னைய திருத்தங்களின்படி, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்க்கு வேலை நாளில் இருமுறை பாலூட்டும் இடைவேளை உண்டு. வேலைத்தலத்தில் பிள்ளைக் காப்பகம் இருப்பின் இடைவேளை அரைமணி, இல்லையெனில் ஒருமணி. தாய்க்கு இது பயனுள்ள உரிமை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவ்விதியில் பிள்ளைக் காப்பகத்தின் பெறுமதி, அது மீதப்படுத்தும் வேலை நிமிடங்களால் அளக்கப்படுகின்றது என்பதும் உண்மையே. பிள்ளையின் வளர்ச்சி அக்கணக்கில் இடம்பெறவில்லை.

பிள்ளைக் காம்பராவைத் தாண்டிய பிள்ளைக்குக் காத்திருந்த பாடசாலையும் இதனின்றும் வேறுபட்டதன்று. 1907இன் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் ஆறு முதல் பத்து வயதுவரையான பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்யும் கடமையைத் தோட்ட முகாமையின்மீது சுமத்தியது. நடைமுறையில் பல தோட்டங்களில் ஓராசிரியரும் ஒரு மண்டபமுமே பாடசாலையாயின. இலவசக் கல்வி நாட்டின் ஏனைய பகுதிகளில் புதிய தலைமுறையொன்றை உயர்த்திய அதே காலத்தில், 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வாக்கற்ற மக்களின் பிள்ளைகளுக்காகப் பேசவேண்டிய நிர்ப்பந்தம் எந்த அரசாங்கத்துக்கும் இருக்கவில்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சம் தோட்டங்களையே மிகக் கொடுமையாகத் தாக்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி 1970களின் பிற்பகுதியிலேயே முறையாக முன்னெடுக்கப்பட்டது. பிரசாவுரிமைப் பிரச்சினைக்கு 2003இன் சட்டம் தீர்வு கண்டது. பிள்ளைக் காம்பராவின் வரலாற்றை இவ்வரசியல் வரலாற்றினின்றும் பிரித்துப் படித்தல் இயலாது.

மாற்றங்கள் நிகழாமலில்லை. அனைத்துலகச் சிறுவர் ஆண்டாகிய 1979ஐ ஒட்டி, முன்பிள்ளைப் பருவம் அரசின் கவனத்துக்குரிய தனித்துறையாக நோக்கப்பட்டது. 1987இன் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் முன்பள்ளிகளின் மேற்பார்வையை மாகாண சபைகளிடம் ஒப்படைத்தது. சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்புறுதி செய்தது. தொழில் புரியும் பெற்றோரின் பிள்ளைகள் பராமரிப்பு வசதிகளைப் பெற உரித்துடையோர் என அதன் பதினெட்டாவது உறுப்புரை கூறுகின்றது. 1992இல் தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்ற வேளையில், தோட்ட வீடமைப்புக்கும் சமூக நலனுக்குமென நம்பிக்கை நிதியமொன்று நிறுவப்பட்டது. பிள்ளைக் காம்பராக்கள் பல புதிய கட்டடங்களாகிச் ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்னும் பெயரையும், பயிற்சிபெற்ற அபிவிருத்தி உத்தியோகத்தரையும் பெற்றன. 2004இல் முன்பிள்ளைப் பருவப் பராமரிப்பும் அபிவிருத்தியும் பற்றிய தேசியக் கொள்கை வெளியிடப்பட்டது.

எனினும் ‘புகலிட மண்டபம்’ பாடசாலையானபோது கெர்கோமார் எழுப்பிய வினா இங்கும் பொருந்தும்: மாறியது பெயரா, பொருளா? இலங்கையின் முன்பள்ளிகளுட் பெரும்பாலானவை தனியாராலும் சமய, தொண்டு நிறுவனங்களாலும் நடத்தப்படுகின்றன. அவற்றில் கற்பிக்கும் பெண்களுட் பலர் பெற்றோர் செலுத்தும் மாதக் கட்டணத்திலிருந்தே ஊதியம் பெறுகின்றனர். எனவே பெற்றோர் வறியோராயின் ஆசிரியையும் வறியவராகின்றார். ஆசிரியை வறியவராயின் அவர் நிலைத்திருப்பதில்லை. நகரத்து முன்பள்ளியோ, பெற்றோரின் போட்டி மனப்பான்மைக்கு ஈடுகொடுத்து, நான்கு வயதுப் பிள்ளையின் கையில் எழுதுகோலையும் வீட்டுவேலையையும் திணிக்கின்றது. தோட்டத்துப் பிள்ளைக்குக் கல்வியற்ற காவலும் நகரத்துப் பிள்ளைக்குப் பரிவற்ற கல்வியும் வாய்ப்பின், இரு மரபுகளின் பிரிவினால் இழப்படைவோர் இரு சாராருமே.

இங்கே எழக்கூடிய ஆட்சேபங்கள் சிலவற்றை ஒதுக்கிவிடலாகாது. பிள்ளைக்குத் தாயின் மடியே சிறந்த பாடசாலை என்பது ஒன்று. ஆனால் விடியுமுன் எழுந்து கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்க்கும், ஆடைத் தொழிற்சாலைக்குச் செல்லும் தாய்க்கும் இக்கூற்று எந்த உதவியையும் அளிப்பதில்லை. அவளுடைய உழைப்பை நாடு ஏற்றுமதி வருவாயாகப் பெற்றுக்கொண்டு, அவளுடைய பிள்ளையை மட்டும் அவளது சொந்த விடயமெனத் தள்ளிவிடுதல் நீதியாகாது. அரசு பொறுப்பேற்றால் தரம் குன்றும் என்பது மற்றோர் ஆட்சேபம். வில்டர்ஸ்பின் காலத்து மண்டபங்களை நினைவுகூர்வோர் இதனை எளிதில் மறுக்கமாட்டார். ஆயின் அவை சிதைந்தமைக்குக் காரணம் பொதுப் பொறுப்பன்று. எளியோரின் பிள்ளைக்குக் குறைந்த செலவே போதும் என்னும் எண்ணமாகும்.

இவ்வரலாறு உணர்த்தும் படிப்பினைகள் மூன்று. முதலாவது, இலவசக் கல்வியின் தொடக்க எல்லையை ஐந்து வயதிலிருந்து கீழ்நோக்கி நகர்த்தாமல் சமவாய்ப்பைப் பற்றிப் பேசுதல் முழுமை பெறாது. முதலாம் வகுப்பின் வாசலில் நிற்கும் இரு பிள்ளைகளிடையே ஏற்கெனவே ஐந்தாண்டு இடைவெளி உண்டு. இரண்டாவது, காவலையும் கல்வியையும் வேறுவேறு அமைச்சுகளுக்கும் வேறுவேறு வர்க்கங்களுக்கும் பங்கிடும் முறை மாறவேண்டும். வேலைநேரம் முழுவதும் திறந்திருக்காத முன்பள்ளி தொழிலாளத் தாய்க்குப் பயன்படாது. விளையாட்டும் பேச்சும் கதையும் இல்லாத காப்பகம் பிள்ளைக்குப் பயன்படாது. மூன்றாவது, பிள்ளைகளைப் பேணும் பெண்ணின் தொழில் பயிற்சிக்கும் நிலையான ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் உரிய தொழிலாக மதிக்கப்படவேண்டும்.

இறுதியாகக் கூறிய இதுவே முதன்மையானது எனலாம். நெசவாளி புக்கானனும் மொலி யங்கும் சான் லொரன்சோவின் எளிய பெண்ணும் பாலர் கல்வியின் வரலாற்றைத் தொடக்கிவைத்தனர். மலையகத்தின் பிள்ளைக் காம்பரா ஆயா அவர்களினும் எவ்வகையிலும் தாழ்ந்தவளல்லள். தாலாட்டும் கதையும் விடுகதையும் அவள் அறிந்தவை. பிள்ளையின் அழுகையிலிருந்து பசியையும் நோயையும் பிரித்தறியும் அனுபவம் அவளுடையது. அவளுக்கு இல்லாதிருந்தது ஆற்றலன்று. பிள்ளைகள் அழாமலும் விழாமலும் இருந்தாற் போதும் என்பதற்கு மேலாக அவளிடம் எவரும் எதனையும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்து அதற்கான துணையை அளிக்கவுமில்லை. பெரட்டுக்கு முன் அவள் கையில் பிள்ளையை ஒப்படைத்துச் செல்லும் தாய், கூலிக்குரிய நேரத்தை மட்டும் அங்கே ஒப்படைக்கவில்லை. ஒரு தலைமுறையின் எதிர்காலத்தையே ஒப்படைத்துச் செல்கின்றாள். அதனைப் பெற்றுக்கொள்ளும் கைகளுக்கு இந்நாடு அளிக்கும் மதிப்பே, சமவாய்ப்புப் பற்றி அது கூறும் சொற்களின் உண்மையை உரைத்துக் காட்டும் உரைகல்லாகும்.